மூன்றில் ஒன்று கோணல்

எங்கள் ஆபீஸில் அவரை எல்லோரும் ‘கன்னம்’ என்றுதான் கூப்பிட்டோம். மரியாதைக் குறைவாக இல்லை, அவருடைய வேலையே அதுதான். நாங்கள் நடத்தியது வீட்டுச் சாமான்களைச் சோதித்துப் பார்த்து எழுதும் மாதப் பத்திரிகை. மிக்ஸியைச் சோதிக்க ஒரு மேஜை இருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சோதிக்க ஒரு பலகை இருந்தது. சவரச் சாமான்களைச் சோதிக்க அவருடைய முகம் இருந்தது. கம்பி மாதிரி முரட்டு முடி, அதற்கு அடியில் தொட்டால் சிவக்கும் தோல். இரண்டும் ஒரே முகத்தில் வாய்ப்பது அபூர்வம். எந்தச் சாமான் நல்லது, எது கெட்டது என்று அந்த முகம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். பத்தொன்பது வருஷம் சொல்லியது.

உண்மையில் அவர் பக்கம் வடிவமைக்கிறவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்தையும் படத்தையும் பொருத்துகிற வேலை. ரேசர், பிளேடு, சோப்பு என்று ஏதாவது வந்தால் மட்டும் சோதித்துக் கட்டுரை எழுதுவார். நான் அங்கே புரூஃப் பார்ப்பவள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் கட்டுரையில் எனக்கு வேலையே இருக்காது. ஒரு ஒற்றெழுத்துக்கூட இடம் மாறியிருக்காது. அவருக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒற்றை முனை ரேசர்கள் திடீரென்று மவுசுக்கு வந்த சமயம் அது. பிளேடின் ஒரு ஓரத்தில் மட்டும் கூர் இருக்கும் ரகம். எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் பித்தளையில் செய்து மேலே பளபளவென்று முலாம் பூசிய ரேசர்கள், பழைய சாமான் கடைகளில் தேடினால் இன்றைக்கும் கிடைக்கும். இப்போது அதையே துருப்பிடிக்காத எஃகில் கடைந்து, கனமான பெட்டியில் வைத்துப் புதிதாக விற்க ஆரம்பித்திருந்தார்கள். எது மேல் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர், அண்ணனைக் கூப்பிட்டு, “கன்னம், பழசும் புதுசும் ஒண்ணா வச்சுப் பார்த்து எழுதுங்க” என்றார்.

அண்ணன் பழைய ரேசர் மூன்று வாங்கினார். ஒரே கம்பெனியின் புது ரேசர் மூன்றை வேறுவேறு கடைகளில் வாங்கினார். “ஒண்ணை மட்டும் வாங்கிப் பார்த்துட்டு எழுதுறது ஜோசியம் சொல்ற மாதிரி தங்கச்சி” என்பார். சோதனை அவர் வீட்டுக் குளியலறையில், தினமும் காலை ஆறே முக்காலுக்கு. அதே சோப்பு, அதே பிரஷ், அதே வெதுவெதுப்பான தண்ணீர். முகத்தில் ஒரு பாதிக்குப் பழசு, மறு பாதிக்குப் புதுசு. எந்தப் பாதிக்கு எது என்பதை நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்வார்.

தீர்ப்புச் சொல்கிறவர் அண்ணி. அண்ணி ஒரு துணி மில்லில் தறியிலிருந்து இறங்கும் துணியைச் சோதிக்கிறவர். மேஜை மேல் துணி ஓட ஓட, விரல் நுனியை வைத்தே முடிச்சையும் இழை விட்டுப்போன இடத்தையும் கண்டுபிடிப்பார். அந்த விரலுக்குத் தப்பி ஒரு முடிச்சு வெளியே போனதில்லை என்று மில்லில் பேச்சு. அண்ணன் சவரம் செய்யும்போது அண்ணி அடுத்த அறையில் இருப்பார். முடிந்ததும் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கன்னத்தையும் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்து மார்க் போடுவார். எந்தப் பக்கம் எந்த ரேசர் என்று அவருக்குத் தெரியாது.

“இந்தப் பக்கம் பட்டு. அந்தப் பக்கம் முரட்டுக் காடாத் துணி.”

“காடான்னு எழுத முடியாதும்மா. பத்துக்கு எவ்வளவு?”

“ஆறு. தாடைக்குக் கீழ ஒரு கொத்து அப்படியே நிக்குது. கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

இப்படி முப்பத்தாறு நாள். நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் கீழே அண்ணியின் கையெழுத்து. சிரிக்காதீர்கள். அந்த வருஷம் எங்கள் பத்திரிகையில் நடந்த எந்தச் சோதனையும் அதில் பாதி ஒழுங்காகக்கூட நடக்கவில்லை.

முடிவு ‘பழசே மேல்’ என்றும் வரவில்லை, ‘புதுசே மேல்’ என்றும் வரவில்லை. சவரத்தின் சுத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். பழசில் மூடியைத் திறந்து பிளேடைத் தள்ளினால் டக்கென்று உட்காரும், கழுவுவதும் சுலபம். சவரம் பண்ணும்போது கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே கோணம் சரியா தப்பா என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மூன்று பழசில் ஒன்றில், பிளேடைப் பிடித்து நிறுத்தும் மூலை தேய்ந்துபோய் மூன்றாம் நாளே கீறியது. புதுசு கனம், சத்தமில்லை, தாடைக்குக் கீழே பழக்கமில்லாத கையையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பிளேடு மாற்ற ஈரக் கையோடு மூன்று துண்டாகக் கழற்ற வேண்டும். அதோடு, மூன்று புதுசில் ஒன்றில் பிளேடு நேராக உட்காரவில்லை. கூரின் ஒரு மூலை மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ரேசர் அண்ணன் காதுக்குக் கீழே இரண்டு தடவை வெட்டியது. ஏன் வெட்டுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. அண்ணிதான் மில்லில் இழை எண்ணும் லென்ஸைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “கோணல்ங்க இது. பொறப்பிலேயே கோணல்” என்றார்.

அண்ணன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் இல்லை. கட்டுரையின் கடைசியில் இப்படி எழுதினார்: ‘சோதித்த மூன்று புது ரேசர்களில் ஒன்றில் பிளேடு கோணலாக உட்கார்ந்தது. வாங்குபவர்கள் பிளேடைப் பொருத்தியதும் வெளிச்சத்தில் பிடித்து, கூரின் இரண்டு மூலையும் சமமா என்று பார்க்கவும். சமமில்லை என்றால் முகத்தில் வைக்க வேண்டாம்.’

கடைசிப் புரூஃப் ஆசிரியர் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தபோது இந்த மூன்று வரிகளின் மேல் சிவப்புக் கோடு. நான் போய்க் கேட்டேன்.

“இடமில்லைம்மா. மூணு வரி கூடிப்போச்சு” என்றார்.

வரி கூடியது எதனால் என்று எனக்குத் தெரிந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் அவரே நான்கு வரி புதிதாகச் சேர்த்திருந்தார். ‘அந்தக் காலத்து ரேசரைக் கையில் எடுத்தாலே கண்ணில் நீர் துளிர்க்கிறது’ என்று ஆரம்பித்தது அது. அதே இதழின் உள் அட்டையில் அந்தப் புது ரேசரின் முழுப்பக்க விளம்பரம் இருந்ததையும் நான் பார்த்தேன். எல்லாம் பார்த்தேன். ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அண்ணன் அந்த வாரம் அவருடைய அக்கா மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். பக்கத்தை வேறொருவர் முடித்து அனுப்பினார். இதழ் வந்த அன்றுதான் அண்ணனே பார்த்தார். தலைப்பு: ‘தாத்தாவின் ரேசரும் பேரனின் ரேசரும்’. அவர் பழைய ரேசரைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம். கீழே ஒரு கட்டத்தில் புது ரேசருக்கு ‘எங்கள் தேர்வு’ முத்திரை.

இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

“மழிக்கிறதைப் பத்தி எழுதச் சொன்னாங்க தங்கச்சி. மழுப்பி வச்சிருக்காங்க. என் கண்ணுல எப்போ தண்ணி வந்தது? அந்தக் கோணல் ரேசர் வெட்டினப்போ வந்தது. அதைத் தூக்கிட்டாங்க!”

நான் குனிந்து ஏதோ புரூஃபைப் பார்ப்பது போல இருந்தேன். அவர் ஆசிரியர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“கன்னம், ஜனங்களுக்கு நீங்க சொல்ற மயிரிழைக் கணக்கெல்லாம் வேண்டாம். மனசைத் தொடணும்” என்றார் ஆசிரியர்.

“சார், ரேசர் தொடுறது மனசை இல்லை. தொண்டையை.”

“ஒரே ஒரு பீஸ் சரியில்லைன்னு ஒரு கம்பெனியைச் சந்திக்கு இழுக்க முடியுமா?”

“மூணு பழசுல ஒண்ணு சரியில்லைன்னு எழுதினேனே, அது மட்டும் அப்படியே இருக்கே சார்? அதைச் செஞ்சவன் செத்துப்போயிட்டான், விளம்பரம் கொடுக்க மாட்டான்னுதானே?”

ஆசிரியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “அடுத்த இதழ்ல பார்க்கலாம்.”

அடுத்த இதழில் பார்க்கவில்லை. அண்ணன் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்று தாளும் ஆசிரியர் மேஜையிலிருந்த ஃபைலுக்குள் போயின, திரும்பவில்லை. வீட்டில் அண்ணிக்குக் கோபம் இவரைவிட ஒரு படி மேல். இதழ் வந்த மறுநாளே அண்ணன் என்னிடம் சொன்னார்.

“‘நான் போட்ட மார்க்கெல்லாம் அதுல இருக்கா’ன்னு கேட்டா. இருக்குன்னேன். ‘அப்போ, கோணலைப் பார்த்துட்டுச் சொல்லாம விட்டவ நான்னு ஆகுது. இருபத்தி மூணு வருஷத்துல ஒரு முடிச்சை மறைச்சதில்லை நான்’ங்கறா. சாப்பிடவே இல்லை.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஒரு புதன்கிழமை மத்தியானம், ஒரு பேக்கரியில் ரொட்டி அடுப்பில் வேலை செய்யும் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். தாடைக்குக் கீழே பெரிய பிளாஸ்திரி. சவரம் பற்றி எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் பையிலிருந்து அந்தப் புது ரேசரையும், ஓரம் மடங்கிப்போன எங்கள் இதழையும் எடுத்து அண்ணன் மேஜையில் வைத்தார்.

“உங்க கட்டுரையை நாலு தடவை படிச்சேன் சார். சொன்ன மாதிரியேதான் பிடிச்சேன். அழுத்தவே இல்லை. ஆனாலும் வெட்டிடுச்சு. எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க.”

பேக்கரியில் தாடி வைக்க அனுமதி இல்லையாம். அதனால் தினமும் சவரம். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் வெட்டின இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. பனியன், துண்டு, தலையணை உறை எல்லாம் நனைந்து, மனைவி அலறி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, மூன்று தையல். இத்தனையும் சொல்லிவிட்டு மறுபடியும், “என் கை கொஞ்சம் முரடு சார். அதனாலதானோ என்னமோ” என்றார்.

தான்தான் தப்புச் செய்துவிட்டோம் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ரேசரை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரைக் கூப்பிட்டு, அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். லென்ஸே தேவைப்படவில்லை. கூரின் ஒரு மூலை உள்ளே, மறு மூலை வெளியே.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலை” என்றார் அண்ணன். “தப்பு எங்களோடது. இது எனக்கு முன்னாடியே தெரியும். எழுதியும் கொடுத்தேன். அச்சுல வரலை.” பிறகு, “அந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம். பிளேடு பக்கமே போகாதீங்க. மெஷின் வாங்கிக்குங்க” என்றார்.

பேக்கரிக்காரர் ரேசரையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்போ தெரிஞ்சேவா விட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அவர் போன பிறகு நான் அண்ணனிடம் போனேன். “அண்ணே, அந்த மூணு வரியை வெட்டினது எனக்குத் தெரியும். புரூஃப்லயே பார்த்தேன். சொல்லலை.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பார்த்தியா?” என்றார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆசிரியரிடம் அவ்வளவு பேசியவர் என்னிடம் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அதைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மறுநாள் காலை அண்ணி வந்தார். மில்லில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் அந்த முப்பத்தாறு நாள் நோட்டு, பையில் லென்ஸ். அண்ணன், “வேண்டாம்மா, நான் பேசிக்கறேன்” என்று பின்னாலேயே போனார். “நீங்க பேசின லட்சணம்தான் தெரியுதே” என்று சொல்லிவிட்டு நேராக ஆசிரியர் அறைக்குள் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார், இது என் கையெழுத்து. முப்பத்தி ஒண்ணாவது நாள் என்ன எழுதியிருக்கேன்னு படிங்க.”

ஆசிரியர் படிக்கவில்லை. “அம்மா, பத்திரிகை நடத்துறதுல ஆயிரம் விஷயம் இருக்கு. அது உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதுதான் சார். துணி பார்க்கத் தெரியும். ஒரு முடிச்சு கண்ணுல பட்டா தறியை நிறுத்துவோம். முதலாளி கத்துவார். கத்திட்டுப் போகட்டும்னு நிறுத்துவோம். அது வெறும் துணி சார். கிழிஞ்சா யாருக்கும் தையல் போட வேண்டாம்.”

“சரிம்மா. அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போட்டுடறேன்.”

“எந்தப் பக்கத்துல?”

“திருத்தமெல்லாம் வழக்கமா கடைசிப் பக்கத்துக்கு முன்னாடி, குறுக்கெழுத்து விடைக்குக் கீழே...”

“பொய் எந்தப் பக்கத்துல இருந்தது?”

“பதினாலு” என்றார் கதவருகே நின்ற அண்ணன்.

“அப்போ பதினாலுலதான் வரணும்.”

“பொய்யின்னெல்லாம் பேசாதீங்க. இடம் இல்லாமத்தான் எடுத்தோம்” என்றார் ஆசிரியர்.

அப்போது நானாக எழுந்தேனா, அண்ணி சொன்ன தையல் எழுப்பியதா, தெரியாது. பழைய புரூஃப்களை ஒரு வருஷம் வரைக்கும் என் பீரோவில் வைத்திருப்போம். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் விரித்தேன். மேலே அவர் கைப்பட எழுதிய நான்கு வரிக் கண்ணீர். கீழே அவர் கைப்பட அடித்த மூன்று வரி. இரண்டும் ஒரே சிவப்பு மை.

“இடம் இருந்தது சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

அண்ணி அந்தப் பக்கத்தை லென்ஸ் இல்லாமலே பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். திருத்தம் பதினான்காம் பக்கத்தில் வரும் என்று ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நடுவில் டீ வந்தது. அதையும் தொடவில்லை.

திருத்தம் வந்தது. ‘சிறு வேறுபாடு’, ‘ஒரு சில’ என்றெல்லாம் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை அண்ணன் ஏற்கவில்லை. தன்னுடைய பழைய மூன்று வரிகளையே, கட்டுரைக்குப் போட்ட அதே அளவு எழுத்தில் போட்டார். நான் புரூஃப் பார்த்தேன். வழக்கம் போலப் பிழை இல்லை. அந்த மாதமே பதினோரு வாசகர்கள் தங்கள் ரேசரும் கோணல் என்று எழுதினார்கள். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியர், நூலைக் கட்டி அளந்து படமே வரைந்து அனுப்பியிருந்தார். கம்பெனி அந்தப் பதினோரு பேருக்கும் சத்தமில்லாமல் வேறு ரேசர் அனுப்பியது. ஏன் அனுப்புகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. பேக்கரிக்காரரிடம் கம்பெனியும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. அண்ணனும் அண்ணியும் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். நான் தனியாகப் போனேன்.

உள் அட்டை விளம்பரம் நின்றது. அதோடு சவரப் பகுதியையும் நிறுத்தினார்கள். ‘வாசகர்களுக்கு ஆர்வமில்லை’ என்று காரணம் சொன்னார்கள். பதினோரு கடிதம் வந்ததே என்று அண்ணன் கேட்டார், அது வேறு என்றார்கள். அண்ணன் இன்னும் இரண்டு வருஷம் பக்கம் மட்டும் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இப்போது ஒரு பாடப்புத்தக அச்சகத்தில் இருக்கிறார். என்னோடு பழையபடி பேசுகிறார். ஆனால் அதற்கு ஏழெட்டு மாதம் ஆனது. அது நியாயம்தான்.

அவருடைய கோபம் மட்டும் ஆறவே இல்லை. போன மாதம் வேறொரு பத்திரிகையில் அதே கம்பெனியின் புது மாடலைப் புகழ்ந்து இரண்டு பக்கம் வந்தது. அன்றைக்குக் காலையிலேயே எனக்குப் போன்.

“தங்கச்சி, பார்த்தியா? பெட்டி அழகாம், கைப்பிடி அழகாம், கண்ணாடி முன்னால வச்சா அந்தஸ்தாம்! எத்தனை ரேசர் வாங்கிப் பார்த்தாங்கன்னு ஒரு வரி இல்லை. பிளேடு நேரா உட்காருதான்னு ஒரு வரி இல்லை. யார் முகத்துல வச்சாங்க? முகத்துலயே வைக்கலை போல!”

அந்தப் பத்திரிகைக்கு அவர் இரண்டு கடிதம் எழுதிவிட்டார். இரண்டும் வெளிவரவில்லை. மூன்றாவதை இந்த வாரம் அண்ணி எழுதப்போகிறாராம்.